பெயர் அறியாத பறவை எதிர்ப்படும்போது

ஏரிக்கரையில் ஒரு பருவகாலமேனும் காலார நடந்து பழகியவர்களுக்கு, அங்கே நாள்தோறும் மேயும் பட்சிகளில் பெரும்பாலானவை பரிச்சயமாகிவிடுகின்றன. மதகோரத்தில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் நிற்பது மடையான் என்றும், மேய்கின்ற எருமையின் காலடியில் பூச்சி பொறுக்குவது உண்ணிக்கொக்கு என்றும், ஆள் வருவதைக் கண்டதும் கூச்சலிட்டுக் கரை முழுவதையும் எச்சரிப்பது ஆள்காட்டி என்றும் எவரும் சொல்லித்தராமலே அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். இவ்விதப் பரிச்சயம் ஏற்பட்ட பின்னர் ஒருநாள், இவற்றில் எந்த இனத்தோடும் பொருந்தாத, அதுவரை கண்ணில் பட்டேயிராத, நீண்ட காலும் நீண்ட அலகும் உடைய ஒரு பறவை சேற்றில் இறங்கி நிற்பது தென்படுகிறது. அந்த க்ஷணத்தில் உள்ளத்தில் எழும் ஆனந்தம், பறவையியல் கற்ற பண்டிதர்களுக்கு மாத்திரம் உரியதன்று. அலுவலகத்துக்குச் செல்லுமுன் அரைமணி நேரம் கரையில் உலவுகின்றவருக்கும், பேரனை அழைத்துக்கொண்டு வருகின்ற பெரியவருக்கும் அது அதே அளவில் கிடைக்கக்கூடியது. அந்தப் பறவை பறந்துபோகும்வரை நமக்கு வாய்க்கின்ற சில நிமிஷங்களை எவ்வாறு செலவிடுவது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

உதாரணத்துக்குத் திருநின்றவூரையே எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் பட்டணத்துவாசிகள் பெரும் பிரயத்தனமின்றி வந்துசேரத்தக்க நீர்நிலைகளுள் அவ்வூர் ஏரியும் ஒன்று. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் திருவள்ளூர் அல்லது அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஏறி, அம்பத்தூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி ஆகியவற்றைக் கடந்தால் திருநின்றவூர் வந்துவிடும். பக்தவத்சலப் பெருமாள் சந்நிதியாலும், பூசலார் நாயனாரோடு சம்பந்தப்பட்ட இருதயாலீசுவரர் ஆலயத்தாலும் புகழ்பெற்ற இந்த க்ஷேத்திரத்தின் ஏரியை ஈசா ஏரி என்றும் வழங்குகிறார்கள். அதைச் சுற்றிலும் இன்று வீடுகள் நெருங்கிவிட்டன. பெருமழை பெய்த வருஷங்களில் ஏரிப்புறத்துத் தெருக்களில் ஜலம் புகுந்து ஜனங்கள் துன்புற்றதும் உண்டு. அப்படியிருந்தும், தண்ணீர் ஏறி இறங்கும் கிரமம் மாறாதிருக்கும்வரையில் பறவைகள் அந்த இடத்தைக் கைவிடுவதில்லை.

அந்தக் கிரமத்தை அறிந்துகொள்வது முதற்காரியம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி ததும்பி நிற்கும்போது, நீந்தும் பறவைகளுக்கே அது உகந்த இடமாக இருக்கும். முக்குளிப்பானும் நாமக்கோழியும் கூழைக்கடாவும் நடுநீரில் தென்படும். நின்று மேய்கின்ற பறவைகளைத் தேடி அப்போது செல்வதில் பயன் குறைவு. தை பிறந்து, வெயில் ஏறி, நீர்மட்டம் தாழத் தொடங்கியதும், கரையோரத்தில் நாள்தோறும் ஒரு சாண் அகலச் சேறு புதிதாக வெளிப்படும். புழுக்களும் நத்தைகளும் பூச்சிக்குஞ்சுகளும் நிறைந்த அந்தச் சேற்றுக்காகவே, சைபீரியப் பிரதேசத்திலிருந்தும் வட ஐரோப்பாவிலிருந்தும் ஆவணி தொடங்கி நம் தேசத்துக்கு வந்து தங்கியிருக்கும் உள்ளான் இனங்கள் அங்கே இறங்குகின்றன. ஆகவே தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களும் இவ்வத்தியாயத்துக்குரிய காலம் என்று கொள்ளலாம். காலைவேளையாயின் கிழக்குக் கரையிலும், மாலையாயின் மேற்குக் கரையிலும் நின்று சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்வெயிலில் எல்லா உள்ளான்களும் ஒரே கருநிழலாகத்தான் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இருகண்நோக்கி ஒன்று போதுமானது. பத்து மடங்குடையது உயர்ந்ததென்று எண்ணி வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் கை நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கிவிடுவதால், புதிதாகப் பழகுகிறவருக்கு எட்டே சிலாக்கியம்.

இனி, அறியாத பறவை எதிரே நிற்கிறது. அதன் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னர், அது எங்கே நிற்கிறது என்பதைப் பாருங்கள். சேற்றுப் பறவைகள் யாவும் ஒரே விருந்தை உண்ண வந்தவையாயினும், காலின் நீளத்துக்கும் அலகின் வடிவத்துக்கும் தக்கபடி ஒவ்வோர் இனமும் தனக்கென்று ஓர் ஆழத்தை வகுத்துக்கொண்டிருக்கிறது. ஈரம் உலரும் விளிம்பில் சில அடி ஓடி, சட்டென்று நின்று, குனிந்து கொத்தி, மறுபடியும் ஓடுவது உப்புக்கொத்தி. அதன் அலகு குட்டையானது, கண் பெரியது, ஆகவே கண்ணால் கண்ட இரையைத்தான் அது எடுக்கும். சற்று உள்ளே, தண்ணீர் பரவிய சேற்றில் கணுக்கால் நனைய நடந்துகொண்டு இங்கும் அங்கும் கொத்துவது பொறி உள்ளான். இன்னும் ஆழத்தில், இளஞ்சிவப்பான மிக நெடிய கால்களால் நீரை அளந்து நடப்பது நெடுங்கால் உள்ளான். முழங்கால் முட்டும் தண்ணீரில் நின்றுகொண்டு நேரான நெடிய அலகை அடிவரையில் சேற்றுக்குள் செலுத்துவது கருவால் மூக்கன். அத்தகைய அலகின் நுனி நரம்புகள் மிகுந்தது, சேற்றினுள் புழு அசைவதை அது தொட்டே உணரும், அலகின் மற்றப் பகுதி மூடியிருக்க நுனியை மாத்திரம் திறந்து இரையைப் பற்றவும் வல்லது. இந்த ஏற்பாட்டை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டவர், பெயர் தெரியாத பறவையையும் அது நிற்கும் இடத்தைக் கொண்டே பாதி அறிந்தவராகிவிடுவார்.

இத்தகைய ஒரு சந்திப்பை நானே அனுபவித்த விதத்தைச் சொல்லுகிறேன். மாசி மாதத்து மாலையொன்றில், ஏரிக்கரையின் கீழே, கசிவுநீர் தேங்கிக் கோரை மண்டியிருந்த ஒரு பள்ளத்தின் ஓரமாக நான் நின்றுகொண்டிருந்தேன். வெயில் தணிந்து, கொக்குகள் தங்குமரத்தை நோக்கி வரிசையாகச் சென்றுகொண்டிருந்த நேரம். கோரைத் தூர்களின் நடுவே, காய்ந்த தாள்போல் தோன்றிய ஒன்றில் வெள்ளைக் கீற்றொன்று தெரிந்தது. அது ஒரு கண்ணைச் சுற்றி வரைந்து, பின்னோக்கி இழுத்துவிட்ட வெள்ளைப் பட்டை. கண்ணுக்குப் பின்னால் தலை, தலைக்குப் பின்னால் கழுத்து என்று ஒவ்வோர் அங்கமாக அந்தப் பறவை கோரையிலிருந்து பிரிந்து எனக்குப் புலப்பட்டது. கழுத்தும் மார்பும் ஆழ்ந்த செம்பழுப்பு. மார்புக்குக் கீழே தூய வெண்மை. அந்த வெண்மை தோளின்மேல் ஒரு பட்டையாக ஏறி முதுகுப்புறம் செல்கிறது. உச்சந்தலையின் நடுவே வெளிறிய மஞ்சள் கோடு. அலகு நீண்டது, நுனியில் மாத்திரம் சற்றே கீழ்நோக்கி வளைந்தது. மைனாவின் பருமனுக்குச் சிறிது மேற்பட்டிருந்தது. நான் அசையாமல் இருந்தேன், அதுவும் அசையாமல் இருந்தது. வெகுநேரத்துக்குப் பின்னர், என்னால் தீங்கில்லை என்று தீர்மானித்ததுபோல, அது ஓரடி வெளியே எடுத்துவைத்து, உடம்பின் பின்பகுதியை மேலும் கீழுமாக மெல்ல அசைத்துக்கொண்டே சேற்றைத் துழாவத் தொடங்கிற்று. அப்பொழுது அதன் பின்னாலிருந்து, அதே அளவுள்ள, ஆனால் நிறத்தில் மங்கிய, இறக்கையில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் நிறைந்த இன்னொன்று வெளிப்பட்டது. இரண்டும் என் பார்வைக்கு முற்றிலும் புதியவை. பெயர் தெரியவில்லை என்பது அந்தப் பொழுதின் சந்தோஷத்தை ஓர் அணுவளவும் குறைக்கவில்லை; பெயர் தெரிந்திருந்தால் அந்த வெள்ளைப் பட்டை தோளின்மேல் எவ்விடத்தில் திரும்புகிறது என்பதை அவ்வளவு ஆர்வத்தோடு நான் கவனித்திருப்பேனா என்பதே எனக்குச் சந்தேகம்.

திருநின்றவூர்க்காரர்களுக்குப் பூசலாரின் சரித்திரத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. கையில் பொருளின்றி, கல்லையும் மரத்தையும் சிற்பியையும் மனத்திலேயே தேடிக்கொண்டு, அடித்தளம் முதல் சிகரம்வரை கிரமம் தவறாமல் உள்ளத்துக்குள் ஆலயம் எழுப்பியவர் அவர்; காஞ்சியில் அரசன் கட்டிய கற்றளியின் குடமுழுக்கு நாளன்று, இறைவன் அந்த மனக்கோயிலுக்கே எழுந்தருளப் போவதாக அரசனின் கனவில் உரைத்தான் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. பறவையைக் கண்டறிகிறவர் கைக்கொள்ள வேண்டிய முறையும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழிருந்து தொடங்கி அங்கம் அங்கமாக மனத்தில் எழுப்ப வேண்டும். கால் முதலில்: அதன் நீளம், பறக்கும்போது வாலுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பது. அடுத்து அலகு: தலையின் நீளத்தோடு ஒப்பிட எவ்வளவு, நேரானதா, மேல்வளைந்ததா, கீழ்வளைந்ததா. பிறகு கண்ணைச் சுற்றியுள்ள கோடுகள், பிறகு மார்பில் புள்ளியா கீற்றா, கடைசியில் முதுகு, நிறம். நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. மாலை வெளிச்சம் நிறத்தை மாற்றும், சேறு காலின் நிறத்தை மறைக்கும், இளம்பறவையும் முதிர்ந்ததும் வெவ்வேறு நிறமாயிருக்கும். வடிவமும் நடையும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

இவற்றைப் பறவை கண்ணெதிரே இருக்கும்போதே ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். சித்திரம் வரையத் தெரியாதவரும் ஒரு முட்டை வடிவமும் அதன்மேல் ஒரு வட்டமும் இட்டு, வெள்ளைப் பட்டை எங்கே, கறுப்புக் கோடு எங்கே என்று அம்புக்குறி போட்டுவிடலாம். கைபேசியில் படமெடுப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் படத்தை முதலில் எடுத்துவிட்டுப் பார்வையைப் பிறகு செலுத்தலாம் என்ற பழக்கம் பெரும் நஷ்டத்தைத் தருவது. ஏனென்றால் பறவை எப்படி நடந்தது, வாலை ஆட்டியதா, எழும்பும்போது என்ன சத்தமிட்டது, நேராகப் பறந்ததா வளைந்து வளைந்து பறந்ததா என்ற இந்த நான்கும் படத்தில் பதிவதில்லை, உள்ளான் இனத்திலோ இந்த நான்குமே பெரும்பாலும் விடையைத் தருகின்றன.

என் பறவைகளின் விஷயத்திலும் அப்படித்தான் நேர்ந்தது. ஒரு மாடு அந்தப் பக்கம் வரவே அவை எழும்பின; அகன்று வட்டித்த இறக்கைகளை மெதுவாக அடித்துக்கொண்டு, கால்களைத் தொங்கவிட்டபடி, சத்தமின்றிச் சிறிது தூரம் சென்று மறுபடியும் கோரைக்குள் அமிழ்ந்துவிட்டன. கோரை உள்ளானாயிருந்தால், காலடியிலிருந்து கரகரத்த குரலோடு வெடித்துக் கிளம்பி, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி உயரே போயிருக்கும். அதன் அலகும் இதைவிட வெகு நீளம். இந்த வித்தியாசங்களே போதும்: நான் கண்டது மயில் உள்ளான். இமயத்துக்கு அப்பாலிருந்து வருகின்ற விருந்தாளி அன்று. வருஷம் முழுவதும் நம்முடைய சதுப்புகளிலேயே வாழ்ந்தும், விடியலிலும் அந்தியிலும் மாத்திரம் வெளிப்படுவதால் நம்முள் பெரும்பாலோர் அறியாத சுதேசிப் பறவை.

அதன் குடும்ப வாழ்க்கை சிறிது விரித்துச் சொல்லத் தக்கது. பெரும்பாலான பட்சிகளில் ஆண் அழகியதாகவும் பேடு மங்கியதாகவும் இருக்க, இதில் செம்பழுப்புக் கழுத்தும் பிரகாசமான பட்டையும் உடையது பேடு. மங்கிப் புள்ளியிட்டது சேவல். அந்திவேளையில் ஆழ்ந்த குரலெழுப்பித் துணையை அழைப்பதும் பேடே. கோரைக்குள் சேர்த்த சருகுப் படுக்கையில் அது பெரும்பாலும் நான்கு முட்டைகளை இட்டுவிட்டு, வேறொரு துணையை நாடிச் சென்றுவிடும். ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாப்பதும், பொரிந்த குஞ்சுகளை இரைதேடப் பழக்கி வளர்ப்பதும் சேவலின் பொறுப்பு. அடைகாக்கும் உடம்புக்கு மங்கிய நிறம் எத்தகைய பாதுகாப்பு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பகைவர் மிக நெருங்கிவிட்டால், இறக்கைகளையும் வாலையும் விரித்து, அவற்றிலுள்ள வட்டமான பொன்னிறப் புள்ளிகள் தெரியும்படி நின்று சீறும். பெயரில் உள்ளானாயினும், உறவுமுறையில் இது தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழிகளுக்கே நெருங்கியது என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். நீளவால் இலைக்கோழியிலும் அடைகாப்பது சேவல்தான்.

எல்லாப் பறவைகளும் இவ்வாறு ஒரே நாளில் தம்மை வெளிப்படுத்திவிடுவதில்லை. பச்சைக்காலியும் சின்னப் பச்சைக்காலியும் பலருக்கும் ஒன்றாகவே தோன்றும். பெரியதன் அலகு அடியில் தடித்து நுனியில் இலேசாக மேல்நோக்கியும், சின்னதன் அலகு ஊசிபோல் மெலிந்து நேராகவும் இருப்பதைக் கொண்டு பிரித்தறிய வேண்டும். சாதாரண உள்ளான் நிமிஷமும் ஓயாமல் பின்பகுதியை ஆட்டும், இறக்கையின் முன்னால் வெள்ளை நிறம் தோளை நோக்கி ஏறியிருக்கும். பொறி உள்ளானுக்கு முதுகெல்லாம் புள்ளி, கண்ணுக்கு மேலே நெடிய வெண்புருவம். இவ்வளவு தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

வீடு திரும்பிய பிறகே புத்தகத்தைத் திறக்க வேண்டும். 1941-இல் முதன்முதல் வெளிவந்த சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் இன்றைக்கும் ஒரு பொக்கிஷம். தமிழிலேயே படிக்க விரும்புகிறவர்களுக்கு, ஆசையும் ப. ஜெகநாதனும் எழுதி 2013-இல் க்ரியா வெளியிட்ட பறவைகள் அறிமுகக் கையேடு உண்டு. சந்தேகம் தீராவிட்டால் கேட்டறிவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற சங்கங்களில், ஒரு புதியவருடைய குறிப்பைப் பொறுமையோடு வாசித்து விடை சொல்லும் அனுபவஸ்தர்கள் இருக்கிறார்கள். ஏரியில் வலைவீசுகிறவரிடமும் மாடு மேய்க்கிறவரிடமும், "ஐயா, இந்தக் கோரையிலே உள்ளான் விழுங்களா?" என்று மரியாதையோடு கேட்டுப் பாருங்கள், எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்த மூலையில் இறங்கும் என்பதை அவர்கள் சொல்லும் நுட்பம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

நிச்சயமான பின்னர், கண்டதைப் பொதுப் பதிவில் சேர்ப்பது கடமை என்று நான் கருதுகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் 2002-இல் தொடங்கிய இ-பேர்டு என்ற இணையப் பதிவேட்டில் எவரும் தம் பட்டியலைச் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களை ஒட்டி நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பின் பட்டியல்களும் அதிலேயே சேர்கின்றன. வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, பழவேற்காடு ஆகிய பிரசித்தமான இடங்களுக்குப் பட்டியல்கள் குவிகின்றன. புறநகர் ஏரிகளுக்கோ வெகு சிலவே. ஓர் ஏரியின் விளிம்பைக் கற்களால் செங்குத்தாகக் கட்டி அழகுபடுத்த வேண்டும் என்ற யோசனை எழும்போது, அந்தச் சரிவான சேற்றை நம்பி எத்தனை இனங்கள் வாழ்கின்றன என்று எடுத்துக்காட்டுவதற்கு இப்பதிவுகளைத் தவிர வேறு சாட்சியம் நம் கையில் இராது. கூடு கண்டால் மாத்திரம், இடத்தை எவருக்கும் வெளிப்படுத்தாமல், வந்த வழியே விலகிவிடுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வெளியே வரவழைப்பது அடைகாக்கும் உயிருக்குச் செய்யும் கொடுமை. கோரைக்குள் இறங்கவே இறங்காதீர்கள்: அது பறவைக்கும் இடையூறு, பாம்பும் புதைசேறும் உள்ள இடமாதலால் உங்களுக்கும் ஆபத்து. அந்திவேளையில் துணையோடு செல்வதும், கையில் ஒரு டார்ச் வைத்திருப்பதும் உத்தமம்.

எவ்வளவு முயன்றும் பெயர் அகப்படாத குறிப்புகள் சில உங்கள் புத்தகத்தில் எஞ்சும். அவற்றை அடித்துவிடாமல், தேதியும் இடமும் தண்ணீரின் ஆழமும் குறித்து வைத்திருங்கள். மாசியில் சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோல் தோன்றிய வலசைப் பறவைகளிற் பல, பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் சமயத்தில், வடக்கே புறப்படுமுன் இனப்பெருக்க காலத்து வர்ணத்தை ஏற்கத் தொடங்கும். கருவால் மூக்கனின் கழுத்தில் செங்கல் நிறம் படரும், கொசு உள்ளானின் முதுகு செம்மையேறும், பேதை உள்ளானின் இறகுகளிடையே கறுப்புத் திட்டுகள் முளைக்கும். அந்த நாட்களில், அதிகாலை முதல் ரயிலிலேயே வந்து இறங்கி, பழைய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே கரையை ஒருமுறை சுற்றிவாருங்கள்.